இருட்டுத் தட்டு

செப்டம்பர் 18, புதன்

ஆய்வகத்தில் என் மேசைக்கு எதிரே இன்னொரு மேசை போட்டிருக்கிறார்கள். மேனேஜர் ஜெகநாதன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தச் சாயக் கழிவுநீர் நிலையத்தில் நான்தான் வேதியியலாளர். மேசை போடுவதெல்லாம் என்னைக் கேட்டு நடக்காது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மேசைக்கு உரியவள் பெயர் சுகிர்தா. நாசரேத்துக்காரி. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறாளாம். ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகள் கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய வெள்ளைப் பூச்சு, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட்டது போல. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய டைட்டானியம் துகள்களாம். அதன்மேல் வெயில் பட்டால் துகள் விழித்துக்கொண்டு, தண்ணீரில் இருக்கும் சாயத்தைத் துண்டு துண்டாக வெட்டிப்போடுமாம்.

"சேறே வராது மேடம். சாயம் முழுசா அழிஞ்சிரும்" என்றாள்.

முப்பது சாயப்பட்டறைத் தண்ணீரிலும் நான் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுத்தான் சாயத்தைப் படியவைக்கிறேன். படிகிற சேறு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் நிற்கிறது, கொண்டுபோய்க் கொட்ட நாதியில்லை. அது எனக்கும் தெரியும். நேற்று வந்தவள் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 28 வரை சோதனை. அன்றைக்குப் பட்டறை முதலாளிகள் சங்கம் வந்து பார்க்கும். பிடித்தால் பெரிதாகக் கட்டுவார்கள். பிடிக்காவிட்டால் இவளுடைய உதவித்தொகை இந்த வருடத்தோடு நின்றுவிடும், ஆராய்ச்சியும் அதோடு சரி. அதைச் சொல்லும்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே இதைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

மொட்டை மாடியில் இரண்டு தட்டுகள் வைத்திருக்கிறாள். அகலமான, ஆழமில்லாத தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தகடுகள், அவற்றின் மேல் சாயத் தண்ணீர் மெல்லிசாக ஓடிச் சுற்றிவரும். ஒன்று வெயிலில். மற்றது கறுப்புத் தார்ப்பாய்க்கு அடியில். முதலாவது வெயில் தட்டு, இரண்டாவது இருட்டுத் தட்டு.

காலையில் இரண்டிலும் ஒரே சிவப்பு. மாலை நான்கு மணிக்கு வெயில் தட்டில் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. இருட்டுத் தட்டு அப்படியே சிவப்பு.

நிறமானியில் நானே வைத்துப் பார்த்தேன், மூன்று தடவை. அளவு சரியாகத்தான் இருந்தது. கருவியைச் சரிபார்க்க ஆள் வரச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

எட்டாவது நாளாக அதே அளவு. இவ்வளவு ஒழுங்காக ஒரு சோதனை நடந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு மாடு நேரா வந்து கறந்து குடுத்தாலும் பால்மானி வெச்சுத்தான் பாப்ப அம்மிணி" என்றார். அதில் என்ன தப்பு? போன மாதம் அந்தப் பால்காரனைப் பிடித்தது யார்?

அக்டோபர் 8, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. முதலாளிகள் வருவார்கள். நிலையம் முழுக்க உப்புப் படிவு. குழாய் மூட்டு, வடிகட்டிச் சட்டம், பம்பு அடிப்பாகம் எங்கே பார்த்தாலும் வெள்ளை. நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். ஆபரேட்டர் ராக்கியப்பனைக் கூப்பிட்டு வாயாலும் சொன்னேன். பதினெட்டு வருடமாக உப்பைச் சுரண்டுகிற கை அது. கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் நிரந்தரத்தில் இருக்கிற நான்கு பேரின் வேலையைச் செய்வார்.

"மாடிலயுங்களாக்கா?"

"எல்லா எடத்துலயும்தான். எங்கயும் வெள்ளை தெரியக் கூடாது."

"சரிங்க்கா."

பொரி, கடலை, வெண்பூசணி, வாழைக்கன்று பட்டியல் போட்டாயிற்று. சந்தனம் போன வருடத்து மிச்சமே இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

சுகிர்தா மாலைப் பேருந்தில் ஊருக்குப் போனாள். செவ்வாய்க்கிழமைதான் வருவாள். திங்கள் காலை பம்பைப் போடச் சொல்லி ராக்கியப்பனுக்கு நான்கு முறை சொன்னாள். எனக்கு ஒரு முறையும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. நிறமானிக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தேன். ராக்கியப்பன் பூசணிக்காய் உடைத்தார். எங்கே பார்த்தாலும் பளிச்சென்று இருந்தது. "ரங்கநாயகி மேடம் இருக்கற வரைக்கும் கவலையில்ல" என்று சங்கத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் மாடிக்குப் போனேன். தகடுகளில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். ராக்கியப்பன் கை பட்டால் அப்படித்தான்.

மாலையில் வீட்டுக்கு முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்தேன். மில்லில் கூட்டம்.

அக்டோபர் 15, செவ்வாய்

சுகிர்தா வந்துவிட்டாள். அவள் வருவதற்கு முன்பே ராக்கியப்பன் பம்பைப் போட்டுவிட்டிருந்தார். மாலையில் மாடியிலிருந்து இறங்கியவள் என்னிடம் எதுவும் பேசாமல் குறிப்பேட்டில் எழுதினாள். நான் பக்கத்தில் போனதும் மூடினாள்.

மூடுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

அக்டோபர் 16, புதன்

விடிந்ததிலிருந்து மேகமூட்டம், மதியத்துக்கு மேல் தூறல். வெயில் என்பதே இல்லை. நான்கு மணிக்கு மாடிக்குப் போனேன். வெயில் தட்டில் தண்ணீர் தெளிவாக இருந்தது.

தார்ப்பாயைத் தூக்கினேன். இருட்டுத் தட்டும் தெளிவாக இருந்தது.

சூரியன் வராத நாளில், சூரியன் எட்டாத தட்டில், சூரியன் செய்கிற வேலை நடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடம் சாயத் தண்ணீரோடு குடும்பம் நடத்தியவள் நான். குனிந்து முகர்ந்தேன். ஹைப்போ வாசனை. துணியை வெளுக்கப் பட்டறைகளில் ஊற்றுவார்களே, அதே ஹைப்போ. தண்ணீரில் அது இருந்தால் நீலமாக மாறும் சோதனைத் தாள் ஒன்று ஆய்வகத்தில் இருக்கிறது. எடுத்துவந்து நனைத்தேன். மயில் கழுத்து நீலம்.

ஸ்டோர் அறைக்குப் போய்ப் பார்த்தால் ஹைப்போ கேனில் நான்கு விரற்கடை குறைந்திருக்கிறது. ஸ்டோர் சாவி ஆய்வகச் சுவரில்தான் தொங்குகிறது, அவள் மேசைக்குக் கையெட்டும் தூரத்தில்.

ஹைப்போ ஊற்றினால் நிறம் போகும், சாயம் அழியாது. ஹைப்போவில் உள்ள குளோரினோடு சேர்ந்து சாயத்தைவிடக் கெட்ட சாமானாகி மீனைக் கொல்லும். முதலாளிகளுக்கு இது தெரியாது, தண்ணீர் தெளிந்தால் கை தட்டுவார்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்தே செய்கிறாள். மூன்று வருடப் படிப்பு இதற்குத்தானா?

அவளிடம் கேட்கவில்லை. திருடனிடம் திருடினாயா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 17, வியாழன்

மதியம் தபால் நிலையம் போனேன். நம்ம ஊரில் கூட்டமாக இருக்கும் என்று பக்கத்து ஊருக்கே போய்விட்டேன். இரண்டு உறை, இரண்டு தபால் தலை.

டீ குடிக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "எடது கை வெரல்ல ஏம் அம்மிணி மை?"

பேனா கசிந்துவிட்டது என்றேன்.

அக்டோபர் 19, சனி

பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. பம்பு நின்று தட்டுகள் காய்ந்தன. சுகிர்தா வெயில் தட்டின் பக்கத்தில் அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு தகட்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு கீழே வந்து நோட்டீஸ் பலகை முன்னால் நின்று கைபேசியில் எதையோ படம் பிடித்தாள். பலகையில் பூஜை நோட்டீஸைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் வருவதைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். "சாப்ட்டாச்சா மேடம்" என்றாள். குரலில் ஒரு சூடு இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு.

அக்டோபர் 21, திங்கள்

பூஜை முடிந்து பத்து நாள் ஆகிறது. பலகையில் பழைய காகிதம் இருந்தால் அசிங்கம். கிழித்துப் போட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ராக்கியப்பனின் காக்கிச் சட்டையில் முன்பக்கமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், துணி வெளுத்துப்போய். தீபாவளிக்குப் புதுச் சட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "ஆகட்டுங்க்கா" என்று சொல்லி நிற்காமல் போனார். மனுஷர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. வீட்டில் என்னவோ.

அக்டோபர் 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு மேனேஜர் என்னையும் சுகிர்தாவையும் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு கடிதம். கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம். "ஆராய்ச்சி என்ற பெயரில் ஹைப்போ ஊற்றி ஏமாற்றுகிறாள்" என்று எழுதியிருந்தது. அதன் நகல் அவளுடைய பேராசிரியருக்கும் போயிருக்கிறது. திங்கட்கிழமை அவரே நேரில் வருகிறாராம். உண்மையென்றால் அவளைப் பல்கலைக்கழகத்திலிருந்தே நீக்கிவிடுவார்களாம்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் பிழையில்லாமல் இருந்தது.

சுகிர்தா அழவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"தண்ணியில ஹைப்போ இருக்குது சார். சனிக்கிழமையே நானும் கண்டுபிடிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கேன். இருட்டுத் தட்டு செவப்பாவே நின்னாத்தான் எனக்கு வெற்றி. வெயிலாலதான் சாயம் அழியுதுங்கதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. ஏமாத்தணும்னு நெனைக்கிறவ வெயில் தட்டுல ஊத்துவா. இருட்டுத் தட்டுல போய் ஊத்துவாளா?"

அவள் சொன்னது சரி. இருட்டில் வைத்தது எதற்கு என்று தெரிந்த யாரும் அதைத் தெளியவைக்க மாட்டார்கள். தெரியாதவர்கள்தான் செய்வார்கள். நான் பி.எஸ்ஸி. வேதியியல். பதினாறாம் தேதியே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"தகட்டுல பூச்சே இல்ல சார்" என்றாள். "யாரோ சுத்தமாச் சுரண்டி எடுத்துட்டாங்க."

கதவருகில் நின்றிருந்த ராக்கியப்பன் உள்ளே வந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"நாந்தானுங்க. பூசைக்குன்னு தகடெல்லாம் சொரண்டிக் கழுவிப்போட்டேனுங்க. நம்ம குழாய்ல படியற உப்பாட்டவே வெள்ளையா இருந்துச்சுங்க. திங்கக்கெழம பம்பு போட்டா பொழுதெறங்கியும் தண்ணி தெளியவே இல்லீங்க. அப்பத்தான் பக்குன்னுச்சு. அந்தப் புள்ள வந்து கேட்டா என்னங்க சொல்றது? மூணு வருசப் படிப்புன்னு சொல்லுச்சுங்களே. அதாங்க, தெனமும் ஒரு மக்கு நெறைய ஹைப்போ ஊத்துனேன்."

"ரெண்டுலயுமா?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுல ஊத்திப்போட்டு ஒண்ணுல ஊத்தாம உட்டா ஓரவஞ்சனைங்களே. அதுவும் அந்தப் புள்ளையோடதுதானுங்க."

சுகிர்தா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"மாடில கை வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார் மேனேஜர்.

ராக்கியப்பன் தரையைப் பார்த்தார். "யாருஞ் சொல்லுலீங்க. நானாத்தான் பண்ணேன்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுகிர்தா பார்த்தாள். கைபேசி அவள் மடியில் இருந்தது. அதைத் திறக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைல இருந்து வர வேண்டாம்" என்றார் மேனேஜர். கான்ட்ராக்ட் ஆளை அனுப்ப அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டியதில்லை.

நான் எழுந்து ஆய்வகத்துக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

ராக்கியப்பன் இல்லை. அவருடைய தூக்குவாளி பம்பு அறையில் ஆணியில் தொங்குகிறது.

பதினெட்டு வருடமாக உப்பைச் சுரண்டியவருக்கு எந்த வெள்ளையைப் பார்த்தாலும் உப்பாகத்தான் தெரியும். அதை யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சரி, இனி வரும் ஆளுக்குச் சொல்லித் தரலாம்.

அக்டோபர் 26, சனி

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நேற்றைக்கு மட்டுமல்ல, செப்டம்பரிலிருந்து. ஒரே மூச்சில் படித்தேன். இது என் எழுத்துதானா என்றிருந்தது.

எட்டாம் தேதி: "எல்லா எடத்துலயும்தான்." அவர் மாடியையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார். கேட்டவருக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன்.

பதினாலாம் தேதி: தகடுகளில் முகம் பார்க்கலாம். பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு முறுக்கு மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். பூச்சுப் போய்விட்டது, சோதனை படுக்கப்போகிறது, சுண்ணாம்பும் இரும்பு உப்பும் பழையபடி என் கையில் இருக்கும் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை எழுதவில்லை. பதினாறாம் தேதி தண்ணீர் தெளிந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம் இல்லை, ஏமாற்றம்.

இருபத்தொன்றாம் தேதி பலகையில் கிழித்தது என் நோட்டீஸ். "எந்த இடத்திலும் வெள்ளைப் படிவு தெரியக் கூடாது. ஒப்பம்: ர.ரங்கநாயகி." அசிங்கமாக இருக்கிறது என்றா கிழித்தேன்?

இடது கையில் மை எப்படி வந்தது என்று வீட்டுக்காரருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம்.

பால்காரனைப் பிடித்தேன், பட்டறைக்காரர்களின் பொய்க் கணக்கைப் பிடித்தேன், நிறமானியையே சந்தேகப்பட்டேன். ஒரு ஆளை மட்டும் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மாலை

காலையில் மேனேஜர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் தேதியில் நடந்ததையும் பதினாலாம் தேதியில் பார்த்ததையும் ஒரு தாளில் எழுதி, மொட்டைக் கடிதம் எழுதியது நான்தான் என்றும் எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேராசிரியருக்கும் அனுப்பச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "மெமோ குடுக்காம இருக்க முடியாதுங் மேடம்" என்றார். வியாழனிலிருந்து என் பையில் வைத்திருந்த ஸ்டோர் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

ராக்கியப்பனை மறுபடி வேலைக்கு எடுக்காவிட்டால் சங்கத் தலைவரிடம் போவேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

பிறகு சுகிர்தாவைப் பார்க்க அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்குப் போனேன். பெஞ்சில் உட்காரச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கைபேசியைத் திறந்து காட்டினாள். என் நோட்டீஸ், என் கையெழுத்து.

"அன்னைக்கே காட்டியிருக்கலாமே" என்றேன்.

"நீங்களாச் சொல்லுதீங்களான்னு பாத்தேன். இருட்டுத் தட்டு தெளிஞ்ச அன்னைக்கே உங்க மேல சந்தேகம் வந்துச்சு. நோட்டீஸைப் பாத்ததும் நீங்க வேணும்னுதான் சுரண்டச் சொன்னீங்கன்னு நெனச்சிட்டேன். உங்களைப் பத்தி ஏழு பக்கம் எழுதி வச்சிருக்கேன் மேடம்."

குறிப்பேட்டில் மூடி மூடி வைத்தது அதைத்தானாம். நான் அவளைப் பற்றி எழுதியதும் ஏழு பக்கத்துக்குக் குறையாது. அதைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

மரப்பெட்டியின் அடியில் பூச்சு போட்ட தகடுகள் ஆறு மிச்சம் இருந்தன. மூன்று வெயிலுக்கு, மூன்று இருட்டுக்கு. இரண்டு தட்டையும் ஐந்து முறை கழுவினேன். சோதனைத் தாள் வெள்ளையாகவே நிற்கும்வரை விடவில்லை.

தார்ப்பாயைக் கட்டும்போது சுகிர்தா சொன்னாள்: "இருட்டுத் தட்டை இன்னைக்கு நீங்கதான் பாத்துக்கிடணும். யாரையும் நம்பாதவங்கதான் அதுக்குச் சரிப்படுவாங்க."

குத்தலா, பாராட்டா என்று தெரியவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு முதலாளிகள் வந்தார்கள். கூடவே பேராசிரியர். "அந்த லெட்டர் நீங்கதானா?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க. ரெண்டு லெட்டரும்."

அவர் தலையாட்டிவிட்டுத் தட்டுகளின் பக்கம் போனார். சங்கத் தலைவர் இந்த முறை என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு தகடு செய்த வேலையை மூன்று தகடு செய்யுமா? நான்கு மணிக்கு வெயில் தட்டு தெளியவில்லை, வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது. காலையில் இருந்த சாயத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேலே போயிருக்கிறது என்று நிறமானி காட்டியது. முதலாளிகள் முகம் சுளித்தார்கள். பேராசிரியர் சோதனைத் தாளை நனைத்தார், அது வெள்ளையாகவே இருந்தது. "இவ்வளவுதான் நிஜம். ஆனா நிஜம்" என்றார். புதுத் தகடுகள் செய்து ஜனவரி வரை நடத்திப் பார்க்கட்டும் என்று சங்கம் ஒத்துக்கொண்டது. சுகிர்தா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு ராக்கியப்பன் மேலே வந்தார். காலையிலேயே வரச் சொல்லிவிட்டிருந்தார்கள். அதே புள்ளிச் சட்டை. தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"இது இன்னுஞ் செவப்பாவே கெடக்குதுங்களேக்கா. தப்பில்லீங்களா?"

"இப்பிடியேதான் இருக்கோணும் ராக்கியப்பா." வெயில் தட்டில் சாயம் போனது வெயிலால்தான், வேறு எதனாலும் இல்லை என்பதற்கு இந்தச் சிவப்புதான் சாட்சி என்று சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. மாடியைப் பற்றி அன்றைக்கு யோசிக்காமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"அதுக்கென்னங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பம்பை நிறுத்தப் போனார்.

தார்ப்பாயை விலக்கினேன். காலையில் ஊற்றிய அதே சிவப்பு. அளவெடுத்துத் தாளில் குறித்தேன். அதற்குக் கீழே என் பெயரை முழுதாக எழுதினேன், வலது கையால்.